ராமநாதபுரம் கடற்கரைப் பயணத்துக்கு எந்தக் கெட்டில்?

ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை, ஏர்வாடி என்று எங்கள் கரைக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் பெட்டி கட்டும்போது போன் போட்டுக் கேட்பது இதைத்தான்: "ரூம்ல டீ போட்டுக்க ஒரு சின்னக் கெட்டில் வாங்கலாம்னு இருக்கோம். மடக்குற கெட்டிலா, ஸ்டீல் கெட்டிலா, கார்ல போடுறதா?" தேவை உண்மையானதுதான். விடியுமுன் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரம் சொட்ட வெளியே வரும் வயதானவர்களுக்குச் சூடாக ஏதாவது உடனே உள்ளே போயாக வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் டீக்கடை முன்னால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஏர்வாடி தர்காவில் உடம்புக்கு முடியாதவர்களோடு வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு நடுராத்திரியிலும் வெந்நீர் வேண்டியிருக்கும்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு வருகிற பெரும்பாலான குடும்பங்களுக்கு 600 வாட் அளவில், அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை பிடிக்கிற, உள்பக்கம் முழுக்க ஸ்டீலான சின்னக் கெட்டில் ஒன்றும், ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் ஒன்றும் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் பிளாஸ்க்கை வாங்குங்கள். கெட்டில் வேலைசெய்ய பிளக் பாயிண்ட் வேண்டும். இந்தப் பயணத்தில் டீ தேவைப்படுகிற இடங்களில் பாதிக்குமேல் பிளக் பாயிண்ட்டே கிடையாது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில், தேவிபட்டினம் நவபாஷாணக் கரையில், அரியமான் சவுக்குத் தோப்பில், ரயிலில், வேனில் கெட்டில் பையிலேயே கிடக்கும்.

கரண்ட் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டால் மீதி முடிவுகள் சுலபம். அரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 41 வாட்-மணி வெப்பம் வேண்டும். எந்தக் கெட்டிலாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 1500 வாட் கெட்டில் அந்த வெப்பத்தை இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடும், 600 வாட் கெட்டில் ஐந்து நிமிடம் எடுக்கும். அப்படியானால் பெரிய வாட் நல்லதுதானே என்று தோன்றும். வீட்டுச் சமையலறைக்குச் சரி. லாட்ஜ் அறைக்குச் சரியில்லை. 230 வோல்ட்டில் 1500 வாட் என்பது 6.5 ஆம்பியர். அறையில் டிவிக்குப் பக்கத்திலும் கட்டில் தலைமாட்டிலும் இருக்கிற சின்னத் துளை பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அது சூடாகி, பிளாஸ்டிக் கருகி வாடை வரும், இல்லையென்றால் அந்த மாடிக்கே டிரிப் ஆகும். "ரூமுல ஹீட்டர், கெட்டில் போடாதீங்க சார்" என்று வரவேற்பில் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 600 வாட் என்றால் 2.6 ஆம்பியர், எந்தப் பாயிண்ட்டும் தாங்கும். அப்போதும் கேட்டுவிட்டே போடுங்கள். கட்டடம் அவர்களுடையது.

இன்னொரு விஷயம் வோல்டேஜ். கடலோர ஊர்களில், குறிப்பாக லைனின் கடைக்கோடியில் இருக்கிற விடுதிகளில், சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் சூடும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைக்கக் கூடாது. வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து வாட் குறையும். 230 வோல்ட்டில் 600 வாட் தருகிற கெட்டில் 180 வோல்ட்டில் 370 வாட்கூடத் தராது. ஐந்து நிமிட வேலை எட்டு நிமிடத்துக்குமேல் இழுக்கும். கெட்டில் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், பொறுத்திருந்தால் கொதிக்கும். கரண்ட் போய் விடுதியின் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கெட்டிலைத் தொடவே கூடாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்குப் பண்ணி வைத்த பேட்டரி அது.

இனி வகைகளுக்கு வருவோம். இணையக் கடைகளில் முதலில் கண்ணில் படுவது சிலிகோன் ரப்பர் சுவர் வைத்த மடக்குக் கெட்டில். விரித்தால் 600 மில்லி அளவில் பிடிக்கும், அமுக்கினால் ஏறக்குறைய பாதி உயரத்துக்கு அடங்கும். அடித்தட்டு ஸ்டீல். தோளில் ஒரே பையோடு தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். வெளிநாட்டுக்கும் போகிறவர்களுக்கு 110, 230 என்று இரண்டு வோல்டேஜிலும் ஓடுகிற மாடல்கள் வசதி. ஆனால் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதிதில் ரப்பர் வாடை அடிக்கும், நாலைந்து முறை கொதிக்கவைத்துக் கொட்டினால்தான் போகும். அதற்குப் பிறகும் சிலிகோன் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை அதில் மசாலா பால் காய்ச்சினால், அடுத்த வெந்நீரிலும் அந்த வாசம் வரும். கொதிக்கும் தண்ணீர் நிறைந்திருக்கும்போது சுவர் நெளியும். கை நடுங்குகிற பெரியவர்கள் அதைத் தூக்கி ஊற்றுவதைப் பார்க்கவே பயமாக இருக்கும். இவற்றில் பல நம்மூர் பிளக்கோடு வருவதில்லை. தட்டைக் கம்பி அல்லது இரண்டு உருண்டைக் கம்பி, அதற்கு ஒரு அடாப்டர். தளர்ந்துபோன சாக்கெட்டில் அடாப்டர் ஆடிக்கொண்டே 600 வாட் இழுத்தால், சூடாவது தண்ணீர் மட்டுமல்ல. மூன்று கம்பி பிளக், எர்த் உள்ளது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மடக்குக் கெட்டிலைப் பற்றி யோசியுங்கள்.

சின்ன ஸ்டீல் கெட்டில் மடங்காது, பையில் இடம் பிடிக்கும், அது மட்டும்தான் அதன் குறை. அந்த இடமும் வீணாகாது. டீத்தூள் டப்பாவையும் இரண்டு டம்ளரையும் கெட்டிலுக்குள்ளேயே வைத்துக் கட்டலாம். எங்கள் ஊருக்காக இதில் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று எஃகின் தரம். 304 வகை எஃகு உப்புக்காற்றைத் தாங்கும், நிக்கல் குறைந்த 202 வகையில் சீக்கிரமே பழுப்புப் புள்ளிகள் விழும். பெட்டியில் 304 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, அடிப்பீடம். கெட்டிலைத் தூக்கித் தூக்கி வைக்கிற பீடத்தின் நடுவில் உள்ள உலோகத் தொடுமுனையில் உப்பு ஈரம் படிந்தால் பச்சை பூக்கும், பிறகு பொறி தட்டும். கடலைப் பார்த்த அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு பீடத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

தானாக அணைகிற வசதி இல்லாத கெட்டிலை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அது வேலைசெய்கிற விதம் தெரிந்திருப்பது நல்லது. கொதிக்கும்போது எழுகிற ஆவி ஒரு சின்ன வழியாக சுவிட்சின் பக்கம் வந்து, இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகட்டைச் சுடும். தகடு சட்டென்று எதிர்ப்பக்கம் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இந்தத் தகடு நுட்பத்தில் பெயர்பெற்ற நிறுவனம் ஐல் ஆஃப் மேன் தீவிலுள்ள ஸ்ட்ரிக்ஸ். மூடியைத் திறந்துவைத்தால் ஆவி அந்த வழிக்கு வராது, கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் முழுக்க வற்றினால் காப்பாற்ற அடித்தட்டின் கீழே இன்னொரு தகடு இருக்க வேண்டும். மலிவான சில கெட்டில்களில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாய் அகலமான "மல்டி கெட்டில்" இப்போது நிறைய விற்கிறது. முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போடலாம், பால் காய்ச்சலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும், ஏர்வாடியில் நாள்கணக்கில் தங்கிக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கழுவக் கை உள்ளே போகும் என்பது பெரிய வசதி. இரண்டு மூன்று நாள் வந்து போகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் தேவையில்லை.

ஹீட்டர் ராடு, அதாவது டம்ளரில் போடுகிற சின்னக் கம்பிச்சுருள், வேண்டவே வேண்டாம். விலை மலிவு, பையில் இடமே பிடிக்காது, எல்லாம் சரி. ஈரத்துணி, ஈரக்கால், ஈரத்தரை என்று இருக்கிற தீர்த்த யாத்திரை அறையில் வெறும் கம்பியைத் தண்ணீரில் போட்டு, தானாக அணையாத ஒன்றை நம்பி இருப்பது உயிரோடு விளையாடுவது. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் ஆபத்து.

காரில் சிகரெட் லைட்டர் துளையில் போடுகிற 12 வோல்ட் கெட்டிலைப் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். அந்தத் துளைக்குப் பின்னாலிருக்கும் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். 10 ஆம்பியர் என்றால் 120 வாட். அரை லிட்டர் கொதிக்க அரைமணி நேரம் பிடிக்கும். மண்டபத்தில் போட்டால் பாம்பன் பாலம் ஏறி இறங்கி ராமேஸ்வரம் ஊருக்குள் நுழையும்போதுதான் கொதிக்கும். அதுவரை ஓடுகிற வண்டியில் கொதிக்கப்போகிற தண்ணீர். வண்டியை நிறுத்திப் போட்டால் பேட்டரி இறங்கும். மண்டபத்துக்கு முன்பே உச்சிப்புளியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போகலாம், அதுவே மேல். பவர் பேங்க் கணக்கும் இதே கதைதான். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க்கில் மொத்தமே 74 வாட்-மணி இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீருக்கே, போனுக்கு வைத்திருந்த சார்ஜில் பாதிக்குமேல் போய்விடும்.

ரயிலில் வருகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பிறகு ராமேஸ்வரம்வரை மறுபடி ரயில் வருகிறது, சென்னையிலிருந்து ராத்திரி ஏறிக் காலையில் இறங்கலாம். பெட்டியிலுள்ள சார்ஜர் பாயிண்ட்டில் கெட்டில் போடுவதை ரயில்வே தடைசெய்திருக்கிறது. பல பெட்டிகளில் அந்தப் பாயிண்ட் 110 வோல்ட் மட்டுமே தரும். 600 வாட் கெட்டில் அதில் 140 வாட் அளவுக்குத்தான் வேலைசெய்யும், வரிசையில் இருக்கிற எல்லோருடைய போன் சார்ஜும் நின்றுபோகலாம். கேஸ் அடுப்பு இதைவிடப் பல மடங்கு ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து யாத்திரை வந்த 9 பேர் இறந்துபோனார்கள். சட்டத்துக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. விடியற்காலையில் சூடாக ஏதாவது குடிக்க நினைத்ததில் போன உயிர்கள் அவை. எரியக்கூடிய பொருளை ரயிலில் கொண்டுபோனால் 1989 ரயில்வே சட்டத்தின் 164வது பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 1000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை விடுங்கள், மதுரையை நினைத்தாலே போதும்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் சின்ன பியூட்டேன் அடுப்பு எடுத்துவரலாமே என்பார்கள். மலையில் சரி, இந்தக் கரையில் காற்று விடாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலையும் சேர்த்து வாரி அடிக்கும், மார்கழியில் வாடை. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்த கடல் இது. திறந்த சுடர் கெட்டிலின் அடியில் நிற்கவே நிற்காது. காற்றைத் தடுக்கச் சுற்றிலும் தகரம் வைத்து மறைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கேஸ் குப்பி சுடும், அது வெடிக்கக்கூடிய நிலை. சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகு வேறு.

ஆகவேதான் பிளாஸ்க்கை முதலில் சொன்னேன். அதை வாங்கும்போது கண்ணாடிக் குடுவை வைத்ததை விட்டுவிடுங்கள், பஸ் குலுக்கலுக்கே உடையும். ஸ்டீலுக்குள் ஸ்டீல், நடுவில் காற்று உறிஞ்சியது. ஒரு லிட்டர் அளவு நல்லது. கொள்ளளவு குறையக் குறையச் சூடும் வேகமாகப் போகும். அறையில் கெட்டிலில் கொதித்த முதல் தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, இரண்டாவது கொதியை ஊற்றி மூடினால் சாயங்காலம்வரை டீ போடுகிற சூடு இருக்கும். டீயாகப் போட்டு ஊற்றாதீர்கள். பால் கலந்த டீ பிளாஸ்க்கில் இரண்டு மணி நேரத்தில் வாடை மாறிவிடும், வெயில் நாளில் கெட்டும் போகும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய பால் வாடை லேசில் போகாது. வெந்நீராக இருந்தால் டீயும் போடலாம், மாத்திரையும் விழுங்கலாம், குழந்தைக்குப் பாலும் கரைக்கலாம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் டீயைப் பற்றிப் பேச முடியாது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, அல்லது கடினம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற குழாயில் பிடித்தால் நல்லது, இல்லையென்றால் கேன் தண்ணீர். குளியலறைக் குழாயில் பிடித்துக் கெட்டிலில் ஊற்றினால் டீயின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஒரு ஆடை படியும், நிறம் மங்கிக் கருக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. கொதிக்கவைத்தால் கடினத்தில் ஒரு பகுதி வெள்ளைப் பொருக்காகக் கெட்டிலின் அடியில் இறங்கும். உப்பு மட்டும் இறங்காது, எத்தனை முறை கொதித்தாலும் கரிப்பு அப்படியே இருக்கும். பொருக்குப் படிந்தால் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அரைமணி ஊறவிடுங்கள். புளித்தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். பொருக்கை ஸ்டீல் நாரால் சுரண்டினால் அந்தக் கீறலில்தான் துரு பிடிக்கும்.

கெட்டிலில் பால் காய்ச்சலாமா? சின்னக் கெட்டிலில் வேண்டாம். பால் அடிப்பிடிக்கும், ஆவி போகிற வழியை நுரை அடைக்கும், சுவிட்ச் தட்டுவதற்குள் பொங்கி பீடத்தின் மேல் வழியும். பால் டீதான் வேண்டும் என்பவர்கள் பால் பவுடரைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டு, தூள் போட்டு மூடிவைத்த டிகாஷனை வடிகட்டி அதன்மேல் ஊற்றினால் கட்டிதட்டாது. நுரை பொங்க ஆற்றிய டீயின் ருசி இதில் வராது. அதற்கு டீக்கடைதான். பாம்பன் மீன் இறங்குதுறைப் பக்கம் விடியற்காலையில் திறந்திருக்கும் கடைகளில் குடியுங்கள், கெட்டில் இருக்கிறதே என்று அதைத் தவறவிட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பால் இல்லாத டீ. கெட்டிலுக்குச் சரியான ஜோடி அதுதான். எங்கள் கரைக்கும் தேயிலைக்கும் பழைய உறவு உண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் வந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்துத்தான் அனுப்பினார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களும், போருக்குத் தப்பி வந்தவர்களும் இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். அந்த வீடுகளில் பிளேன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இனிப்பைத் தனியாகக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். இங்கே அதற்குக் கருப்பட்டி இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பனங்காடுகளிலிருந்து வருவது. ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, சூடான கட்டன் டீயை உறிஞ்சிப் பாருங்கள், பாலைத் தேட மாட்டீர்கள். கருப்பட்டியைக் கெட்டிலுக்குள் மட்டும் போடாதீர்கள், அடித்தட்டில் பாகாகிக் கருகும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்தும் போகலாம்.

குருணை குருணையாக இருக்கிற சி.டி.சி. தூளாக இருந்தால் பிளாஸ்க் வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் சாறு இறங்கிவிடும். இலைத் தேயிலைக்குக் கொதிக்கொதி தண்ணீர் வேண்டும், அதை அறையிலேயே போட்டுக் குடியுங்கள். கடல் மட்டத்தில் தண்ணீர் முழு 100 டிகிரியில் கொதிக்கிறது, கொடைக்கானலில் 93 அளவில்தான். அந்த விதத்தில் டீக்கு இது நல்ல ஊர்.

வேன் பிடித்து இருபது பேராக வருகிறவர்களுக்கு இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அரை லிட்டர் கெட்டிலில் இருபது பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் முதலில் குடித்தவருக்கு அடுத்த டீ வேண்டியிருக்கும். அவர்கள் குழாய் வைத்த பெரிய டீ கேனை எடுத்துவந்து, ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ ராமேஸ்வரத்திலோ ஒரு கடையில் கொடுத்து, சர்க்கரை தனியாகக் கேட்டு நிரப்பிக்கொள்வதுதான் சரி. கெட்டிலுக்கு ஆகிற காசில் பல கேன் டீ வாங்கலாம்.